பெருங்குடிக்குப் போகும் வண்டி

அத்தியாயம் 7: புதுக் காரின் மைலேஜ் ஏமாற்றும்போது

கார் வாங்கி நாலு மாதம். சீட்டின் பிளாஸ்டிக் உறையை இன்னும் கழற்றவில்லை. முன்னால் கட்டிய எலுமிச்சம்பழம் காய்ந்து கொட்டைப்பாக்கு மாதிரி தொங்குகிறது. என் மைத்துனன் அந்தக் காரை வாசலில் நிறுத்திவிட்டு, சாவியை மேஜைமேல் வீசினான்.

"மாமா, நல்லா ஏமாத்திட்டாங்க."

1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், ஏ.எம்.டி. கியர். லிட்டருக்கு 22 கிலோமீட்டர் சொச்சம் என்று ஷோரூமில் அச்சடித்த தாளையே காட்டியிருக்கிறார்கள். மீட்டர் பலகையில் தெரிவதோ 12.4.

"மாப்ளே, 12.4ன்னு யார் சொன்னா?"

"வண்டியே சொல்லுது மாமா."

"ஷோரூம் சொன்ன கணக்கையும் ஓரமா வை, வண்டி சொல்ற கணக்கையும் ஓரமா வை. முதல்ல நாம அளப்போம்."

இந்த அத்தியாயத்தில் நான் சொல்லப்போவதன் பெரும்பகுதி, அன்றைக்கு ஆரம்பித்து ஐந்து வாரம் அவனோடு செய்தது. பத்தாயிரம் கிலோமீட்டர் தாண்டாத காரில் மைலேஜ் குறைகிறது என்று வருகிறவர்களிடம் நான் முதலில் பானட்டைத் திறக்கச் சொல்வதில்லை. எந்த வழியாக, எத்தனை மணிக்கு, எவ்வளவு தூரம் போகிறீர்கள் என்றுதான் கேட்கிறேன். காணாமல் போன கிலோமீட்டர் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். மீதி கொஞ்சம் காரிலும் இருக்கலாம். அதையும் பார்ப்போம், ஆனால் வரிசைப்படி.

அளக்கிற விதம்

மீட்டர் பலகையில் தெரியும் மைலேஜ், பெட்ரோலை அளந்து சொல்வதில்லை. இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதை வைத்துப் போடுகிற மதிப்பீடு அது. பெரும்பாலான கார்களில் உள்ளதைவிடக் கொஞ்சம் கூட்டியே காட்டும். ஒரு வாரத்தையும் இன்னொரு வாரத்தையும் ஒப்பிட அது போதும். சண்டைக்குப் போக அந்த எண் உதவாது.

ஃபுல் டேங்க் முதல் ஃபுல் டேங்க் வரை அளப்பதுதான் கணக்கு. ஒரே பங்க்கில், முடிந்தால் ஒரே பம்ப்பில், வண்டியை ஒரே பக்கமாக நிறுத்திப் போடுங்கள். தரை கொஞ்சம் சரிந்திருந்தால்கூட டேங்க்கில் கொள்ளும் அளவு மாறும். முதல் தடவை ஆட்டோ கட் ஆனதும் நிறுத்தச் சொல்லுங்கள். "ரவுண்டு பண்ணிடவா சார்?" என்று பையன் கேட்பான். வேண்டாம். கணக்கு கெடும் என்பது ஒரு காரணம். கட் ஆன பிறகும் திணித்தால் பெட்ரோல் ஆவி போகிற குழாய் வழியாகக் கரிக் குப்பிக்குள் இறங்கிவிடும் என்பது இரண்டாவது காரணம். ஆவியைப் பிடித்து எஞ்சினுக்குத் திருப்பி அனுப்புவதற்காக உள்ள பாகம் அது, பெட்ரோலில் நனைந்தால் கெட்டுப்போகும். மைலேஜைப் பார்க்கப் போய் வண்டிக்கு ஒரு புது நோயை வாங்கி வருவானேன்?

டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, டேங்க் கால்வாசி ஆகும்வரை ஓட்டிவிட்டு மறுபடி நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இப்போது போட்ட லிட்டரால் வகுத்தால் மைலேஜ். ஒரு தடவை பார்த்து முடிவுக்கு வராதீர்கள், மூன்று டேங்க் வேண்டும். க்ளவ் பாக்ஸில் ஒரு சின்ன நோட்டு வைத்துத் தேதி, ஓடோமீட்டர், லிட்டர் மூன்றையும் எழுதுங்கள். பில்லை அதிலேயே குத்தி வையுங்கள். அந்த நோட்டு பின்னால் தேவைப்படும்.

மைத்துனனின் முதல் டேங்க் 318 கிலோமீட்டர், 27.4 லிட்டர். 11.6 வந்தது. அடுத்த இரண்டும் 11.4, 11.8. பலகை 12.4 என்று சொன்னதே தாராளம்தான் என்று ஆனதும் அவன் முகம் இன்னும் சுருங்கியது.

அந்த 22 எங்கிருந்து வந்தது?

ஏ.ஆர்.ஏ.ஐ. மைலேஜ் என்று பேச்சில் சொல்கிறோம். ஏ.ஆர்.ஏ.ஐ. புணேயில் 1966இல் தொடங்கிய வாகன ஆராய்ச்சி நிறுவனம். இப்படிச் சான்று கொடுக்கும் மையங்கள் வேறு இடங்களிலும் இருக்கின்றன, நம் ஒரகடத்திலும் ஒன்று உண்டு. காரை ஒரு கூடத்துக்குள் உருளைகள்மேல் ஏற்றி நிறுத்தி, வகுத்து வைத்த ஓர் அட்டவணைப்படி ஓட்டுவார்கள். 20 நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு, 11 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதிகபட்ச வேகம் 90, சராசரி வேகம் 32 சொச்சம். நிற்பதும் கிளம்புவதும் அதில் உண்டு, ஆனால் ஏசி கிடையாது. முன்னால் திடீரென்று திரும்பும் ஷேர் ஆட்டோ கிடையாது, பள்ளம் கிடையாது, மே மாதமும் கிடையாது. கூடத்தின் வெப்பம் 20லிருந்து 30 டிகிரிக்குள்தான்.

இதைப் பொய் என்று சொல்லமாட்டேன். ஒரே நிபந்தனையில் இரண்டு கார்களை ஒப்பிட இப்படி ஒரு கணக்கு வேண்டும். 22 சொல்லும் கார், 18 சொல்லும் காரைவிடக் குறைவாகக் குடிக்கும் என்ற அளவுக்கு அதை நம்பலாம். உங்கள் தெருவில் எவ்வளவு குடிக்கும் என்பதற்கு அதில் பதில் இல்லை.

சின்ன டர்போ பெட்ரோல் எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு இந்த இடைவெளி இன்னும் பெரிதாக இருக்கும். 1 லிட்டர், மூன்று சிலிண்டர் என்று சின்னதாகச் செய்து, வேண்டும்போது மட்டும் டர்போவால் காற்றைத் திணித்துச் சக்தி எடுக்கிற வண்டி அது. கூடத்தில் அந்த 'வேண்டும்போது' அதிகம் வருவதில்லை. பூப்போல ஓட்டுவார்கள். நம் கால் பூ இல்லை. டர்போ வேலை செய்யும் சுகத்துக்காகவே அந்தக் காரை வாங்கிவிட்டு, மைலேஜும் கேட்பது கொஞ்சம் பேராசை.

பார்க்கவேண்டிய எண் வேறு

மைலேஜ் காட்டும் அதே பலகையில் பொத்தானை இரண்டு தடவை அழுத்தினால் சராசரி வேகம் வரும். யாரும் அதைப் பார்ப்பதில்லை. என்னிடம் கேட்டால், மைலேஜ் புகாருக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

மைத்துனன் வீடு மடிப்பாக்கத்தில், வேலை பெருங்குடியில். வேளச்சேரி வழியாகப் போய் தரமணி இணைப்புச் சாலையில் ஏறுகிறான். எட்டுக் கிலோமீட்டர். காலை ஒன்பதுக்குக் கிளம்பினால் 35 நிமிடம். பலகையில் சராசரி வேகம் 14 என்று இருந்தது. சைக்கிள்காரர் ஒருவர் அவசரமாகப் போனால் கூடவே வந்துவிடுவார்.

அந்த 35 நிமிடத்தில் சிக்னலிலும் நெரிசலிலும் அப்படியே நின்ற நேரத்தை ஒரு நாள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போனில் குறித்தேன். மொத்தம் 12 நிமிடம். ஏசி ஓட, வண்டி நிற்க, இந்த அளவு எஞ்சின் மணிக்கு முக்கால் லிட்டர் அளவில் குடிக்கும். வெயில் ஏறினால் கூடவே குடிக்கும். 12 நிமிடத்துக்கு 150 மில்லி. எட்டுக் கிலோமீட்டருக்கு அவன் செலவழித்த மொத்தப் பெட்ரோல், 11.6 கணக்கில், 690 மில்லி. அதில் 150 மில்லி ஓர் அடிகூட நகராமல் போனது. அதை மட்டும் கழித்துப் பார்த்தால் மைலேஜ் 15ஐத் தொடுகிறது. எஞ்சினில் ஒரு திருகைத் தொடாமல் மூன்று கிலோமீட்டர் கணக்கில் அகப்பட்டுவிட்டது.

மீதி, நகர்ந்த நேரத்தில் போனது. 20 வரை ஏற்றுகிறோம், பிரேக் பிடிக்கிறோம். ஏற்றியதற்குக் கொடுத்த பெட்ரோல் முழுக்க பிரேக்கில் சூடாகிக் காற்றில் போகிறது. மறுபடி முதலிலிருந்து. அதோடு தூரமும் குட்டையானது. ராத்திரி முழுக்க நின்ற எஞ்சின் காலையில் கிளம்பும்போது, சூடேறும்வரை கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோல் விடும். ஐடிலும் வேகமாக இருக்கும். எண்ணெய் கெட்டியாக இருப்பதால் உராய்வும் அதிகம். பெருங்குடி வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் வண்டி ஒரு நிலைக்கு வருகிறது, உடனே அணைத்துவிடுகிறான். சாயங்காலம் மறுபடி அதே கதை.

ஹைபிரிட் அல்லாத சாதாரண பெட்ரோல் காருக்கு என் கைக்கணக்கு ஒன்று உண்டு. சராசரி வேகம் 15க்குக் கீழே என்றால் கம்பெனி எண்ணில் பாதி. 25, 30 என்றால் மூன்றில் இரண்டு பங்கு. நெடுஞ்சாலையில் 60, 70 சராசரியோடு அடக்கமாக ஓட்டினால் கம்பெனி எண்ணுக்குப் பக்கத்தில் வரும். இது ஆராய்ச்சி முடிவில்லை, பல வருஷ நோட்டுகளைப் பார்த்து வந்த அனுபவம். உங்கள் எண் இந்தக் கணக்கைவிட நன்றாகக் குறைந்தால், அப்போது வண்டியைச் சந்தேகப்படலாம். முழு ஹைபிரிட் கார் இதற்கு விலக்கு. நிற்கும்போது அது எஞ்சினை அணைத்துவிடும், பிரேக்கில் போவதில் ஒரு பகுதியை பேட்டரிக்குத் திருப்பும். அதனால் நகரத்தில்தான் அது ஜொலிக்கும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கையும் பார்த்துவிடுங்கள், பலருக்கு இது தெரிவதில்லை. 22 கொடுத்த வண்டி 19க்கு இறங்கினால் நூறு கிலோமீட்டருக்கு முக்கால் லிட்டர்கூட அதிகம் செலவாகாது. 15 கொடுத்தது 12க்கு இறங்கினால் ஒன்றே முக்கால் லிட்டர் அளவுக்கு ஆகும். இரண்டிலும் குறைந்தது அதே மூன்று. ஆகவே நெடுஞ்சாலையில் ஒன்றிரண்டு குறைந்ததற்காக மண்டையை உடைத்துக்கொள்ளாமல், நகரத்தில் 11ஐ 14 ஆக்க முடியுமா என்று பார்ப்பதே பர்சுக்கு நல்லது.

ஞாயிற்றுக்கிழமைப் பரீட்சை

வண்டியில் கோளாறா, வழியில் கோளாறா என்று பிரித்தறிய ஒரே ஒரு நல்ல வழி, வழியை மாற்றி ஓட்டிப் பார்ப்பது. ஒரு ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பெருங்களத்தூரில் ஃபுல் டேங்க் போட்டுக்கொண்டு ஜி.எஸ்.டி. சாலையில் திண்டிவனம் கிளம்பினோம்.

கிளம்புமுன் வீட்டிலேயே, வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது, டயர் காற்றைச் சொந்த கேஜால் பார்த்தேன். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஸ்டிக்கர் இருக்கும். அதில் போட்டது 33. இருந்தது 27, 28, 28, 26. கடைசியாக எப்போது பார்த்தாய் என்றால், "சர்வீஸ்ல பார்த்திருப்பாங்க மாமா" என்கிறான். பங்க்கில் காற்றடிப்பவரிடம் எண்ணை நீங்கள் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் எல்லா வண்டிக்கும் 30தான். ஐந்திலிருந்து ஏழு பி.எஸ்.ஐ. குறைந்ததால் மைலேஜ் பாதியாகிவிடாது, ஒன்றிரண்டு சதவீதம் போகும், அவ்வளவுதான். டயர் ஓரம் தேய்வதும், வேகத்தில் சூடாவதும்தான் பெரிய நஷ்டம்.

இரண்டு பேர், ஏசி 24இல், வேகம் 80. பரனூர், ஆத்தூர் இரண்டு சுங்கச்சாவடி. திண்டிவனத்தில் இட்லி, காபி. திரும்பி வந்து அதே பம்ப்பில் நிரப்பினால் 188 கிலோமீட்டருக்கு 9.3 லிட்டர். 20.2.

மைத்துனன் போனை எடுத்து மூன்று தடவை வகுத்துப் பார்த்தான்.

ஆட்டோ கட் அரை லிட்டர் முன்பின் ஆனால்கூட இது 19லிருந்து 21.4க்குள்தான் இருக்கும். எஞ்சின், கியர், சென்சார் எதிலும் பெரிய கோளாறு உள்ள வண்டி இந்த எண்ணைக் கொடுக்காது. இதே பரீட்சையில் உங்கள் வண்டி 14, 15 என்று வந்தால், நீங்கள் கீழே வரும் பகுதியை இரண்டு தடவை படிக்கவேண்டும்.

80 என்று நான் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக ஏறும். 80இல் இருந்ததைவிட 100இல் ஒன்றரை மடங்குக்கு மேல், 120இல் இரண்டேகால் மடங்கு. அடுத்த மாதம் அவன் நண்பர்களோடு திருச்சி போய்வந்தான், எத்தனையில் போனான் என்று என்னிடம் சொல்லவில்லை. டேங்க் கணக்கில் 15.5 என்று வந்தது, அதுவே சொல்லிவிட்டது. கூரையில் கேரியர் மாட்டி, நாலு கண்ணாடியையும் இறக்கிக்கொண்டு போனால் இன்னும் இறங்கும். நெடுஞ்சாலையில் கண்ணாடியை ஏற்றி ஏசி போடுவதே மேல். ஊருக்குள் மெல்லப் போகும்போது கண்ணாடியை இறக்குவது லாபம், நுரையீரல் ஒத்துழைத்தால்.

கையால் தொட்டுப் பார்க்க ஒரு கோளாறு

திண்டிவனத்திலிருந்து வந்து இறங்கியதும் நாலு சக்கரத்தையும் சுற்றி வந்தேன். இதை ஒவ்வொரு நீண்ட பயணத்துக்குப் பின்னும் செய்யலாம், ஒரு நிமிடம்கூட ஆகாது. புறங்கையை ரிம்முக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சூட்டைப் பாருங்கள். தொடாதீர்கள், சுட்டுவிடும். முன் இரண்டும் கொஞ்சம் சூடாக இருப்பது வழக்கம், பிரேக் வேலையில் பெரும்பங்கு அங்கேதான். பின் இரண்டும் ஒரே மாதிரி இருக்கவேண்டும்.

இடது பின் சக்கரம் மட்டும் அனலாக அடித்தது. லேசாகக் கருகல் வாடை. வண்டியைச் சமதரையில் ஜாக்கியில் தூக்கி, ஹேண்ட் பிரேக்கை விட்டுக் கையால் சுற்றினோம். வலதுபுறம் சுற்றிவிட்டால் இரண்டு சுற்று ஓடியது, இடதுபுறம் கால் சுற்றில் கரகரவென்று நின்றது. டிரம்முக்குள் பிரேக் ஷூ ஒட்டிக்கொண்டே ஓடியிருக்கிறது. ஹேண்ட் பிரேக் கேபிளை முதல் சர்வீஸில் கொஞ்சம் அதிகமாகவே முறுக்கியிருக்கிறார்கள். சர்வீஸ் சென்டரில் இருபது நிமிட வேலை, காசு கேட்கவில்லை. நகர மைலேஜ் 11.6லிருந்து 12.3க்கு வந்தது. அதில் டயருக்கு நிரப்பிய காற்றின் பங்கு எவ்வளவு, பிரேக்கின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லமாட்டேன்.

ஜாக்கி இல்லாமலும் பார்க்கலாம். ஆளில்லாத சமதரைத் தெருவில் 20இல் போய் நியூட்ரலில் விடுங்கள். மாவில் ஓடுவதுபோல் சட்டென்று வேகம் இறங்கினால் எங்கோ பிடிக்கிறது.

புது வண்டியில் நான் கண்ட மற்ற நிஜக் கோளாறுகள் கொஞ்சம்தான். எஞ்சின் ஆயில் மாறிப் போவது ஒன்று. கையேட்டில் 0டபிள்யூ-16 அல்லது 0டபிள்யூ-20 என்று மெல்லிய ஆயில் போட்டிருக்கும். பீப்பாயில் இருந்ததை ஊற்றிவிட்டு 5டபிள்யூ-30 என்று பில் போட்டிருப்பார்கள். வண்டி கெட்டுவிடாது, ஆனால் மெல்லிய ஆயிலுக்காக வடிவமைத்த எஞ்சின் கொஞ்சம் அதிகம் குடிக்கும். பில்லில் அந்த வரியைப் படியுங்கள். எஞ்சின் சூட்டு முள் பாதிக்கே வராமல் அடியிலேயே கிடந்தால் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கிறது. ஏற்காட்டிலிருந்து இறங்குகிறபோது முள் இறங்குவது வேறு, ஊரில் தினமும் இறங்கியே இருப்பது வேறு.

எலியை விட்டுவிடக்கூடாது. பள்ளிக்கரணை சதுப்பை ஒட்டிய பகுதிகளில் பானட்டுக்குள் எலி புகுவது சாதாரணம். வயரைக் கடித்தால் உடனே தெரிந்துவிடும். காற்றுக் குழாயை ஓரமாகக் கடித்தால் தெரியாது. அளக்காத காற்று உள்ளே போகும், அதைச் சரிக்கட்டக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓ.பி.டி. சாக்கெட்டில் சொருகி போனில் பார்க்கும் சின்னக் கருவி ஒன்று கடைகளில் கிடைக்கிறது. அதில் நீண்டகால ஃபியூவல் டிரிம் என்று ஓர் எண் வரும். பூஜ்யத்துக்கு இரண்டு பக்கமும் பத்துக்குள் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். அதற்கு மேல் எப்போதும் நின்றால் அந்தத் திரையைப் படம் பிடித்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போங்கள்.

பெரிய அலாய் வீல் மாற்றியவர்கள் தங்களையே கேட்டுக்கொள்ளவேண்டும். கனம் கூடுகிறது, பட்டை அகலமாகிறது, சுற்றளவு மாறினால் ஓடோமீட்டரே தவறாகக் காட்டும். சுற்றளவு பெரிதானால் ஓடிய தூரத்தைக் குறைத்துக் காட்டும், அதனால் மைலேஜும் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும்.

பி.எஸ்.6 டீசல்காரர்களுக்கு ஒரு வரி. புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி, சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை கூடுதல் டீசல் விட்டுத் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்யும். பெருங்குடி மாதிரி எட்டுக் கிலோமீட்டர் ஓட்டத்தில் அது பாதியில் நின்று நின்று மறுபடி ஆரம்பிக்கும். அந்த ஓட்டத்துக்கு டீசல் கார் வாங்கியிருக்கவே கூடாது, இப்போது சொல்லி என்ன.

ஏர் ஃபில்டரை மாற்றினால் மைலேஜ் கூடும் என்பது கார்பரேட்டர் காலத்து நம்பிக்கை. இப்போதைய எஞ்சினில் காற்று குறைந்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலையும் குறைத்துவிடும். இழுவை குறையுமே தவிர மைலேஜ் பெரிதாக மாறாது. மாற்றவேண்டிய நேரத்தில் மாற்றுங்கள், அவ்வளவுதான். டேங்க்கில் ஊற்றும் குப்பி, பெட்ரோல் குழாயில் கட்டும் காந்தம் எல்லாம் விற்பவருக்கு மைலேஜ் கொடுக்கும்.

பெட்ரோல்மேல் சந்தேகம்

பங்க்கில் அளவு குறைக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் முதலில் வரும் சந்தேகம். மீட்டர் பூஜ்யத்தில் ஆரம்பிக்கிறதா என்று பார்ப்பது உங்கள் வேலை. அதன் பிறகும் சந்தேகம் என்றால், முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவுக் கேனில் பிடித்துக் காட்டச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. 25 மில்லி முன்பின் இருக்கலாம், அதற்கு மேல் குறையக்கூடாது. அடர்த்தி பார்க்கவும், வடிதாள் சோதனை செய்யவும் கேட்கலாம். மூன்று டேங்க்கையும் வேறு பங்க்கில் போட்டு அதே எண் வந்தால் பங்க்கை விட்டுவிடுங்கள்.

இ20 பற்றிப் பேசாமல் இருக்கமுடியாது. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கும் எரிசக்தியில் மூன்றில் இரண்டு பங்குதான் ஒரு லிட்டர் எத்தனாலில் உண்டு. ஐந்தில் ஒரு பங்கு அது என்றால், கலவையின் சக்தி ஆறேழு சதவீதம் குறைகிறது. எஞ்சினை அதற்கேற்ப அமைத்தால் இழப்பில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும், ஏனென்றால் எத்தனாலின் ஆக்டேன் எண் அதிகம். அப்படி அமைத்த கார்களில் ஒன்றிரண்டு சதவீதமும், மற்றவற்றில் மூன்றிலிருந்து ஆறு சதவீதமும் மைலேஜ் குறையலாம் என்பது 2025இல் பெட்ரோலிய அமைச்சகம் கொடுத்த விளக்கம். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்கள் இ20ஐத் தாங்கும்படி செய்யப்பட்டவை. ஆறு சதவீதமே போனதாக வைத்துக்கொண்டாலும் 22 என்பது 20.7 ஆகும். 11.6 ஆகாது. எல்லாப் பழியையும் எத்தனால் தலையில் போடுவது இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது.

சர்வீஸ் சென்டரில்

"ஏ.ஆர்.ஏ.ஐ. மைலேஜ் வேற, ரோடு மைலேஜ் வேற சார்."

"மூணாவது சர்வீஸ் ஆனா செட் ஆயிடும் சார்."

இரண்டும் உண்மைதான், இரண்டும் உங்களை அனுப்பிவைக்கவும் பயன்படும். புது எஞ்சின் முதல் சில ஆயிரம் கிலோமீட்டரில் கொஞ்சம் இளகும், மைலேஜ் சிறிது ஏறும். ஏழெட்டு ஏறாது.

வாயால் சொல்லாமல் ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். "மைலேஜ் குறைவு" என்று எழுதவிடாதீர்கள். "நெடுஞ்சாலையில் 80இல், 188 கி.மீ., 9.3 லிட்டர்" என்ற மாதிரி உங்கள் எண்ணை எழுதச் சொல்லுங்கள், நகல் வாங்குங்கள். அவர்கள் ஆளை வைத்து மைலேஜ் டெஸ்ட் எடுப்பார்கள். அவர் 50இல் டாப் கியரில், ஏசி போடாமல், காலைத் தாங்கித் தாங்கி ஓட்டி ஒரு நல்ல எண்ணைக் கொண்டுவருவார். நீங்களும் உடன் போங்கள். ஏசி போடச் சொல்லுங்கள். போகும்போதே ஃபுல் டேங்க் போட்டுக்கொண்டு, திரும்பி வந்து அதே பம்ப்பில் நிரப்பச் சொல்லுங்கள். எஞ்சின் கம்ப்யூட்டருக்குப் புது சாஃப்ட்வேர் வந்திருக்கிறதா என்றும் கேளுங்கள், சில மாடல்களுக்கு வரும்.

பரீட்சையிலும் எண் மோசமாக இருந்து, அவர்களும் கைவிரித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போகவேண்டும். கேரளத்தில் திருச்சூர் ஆணையம் 2022இல் இப்படி ஒரு வழக்கில் காரை வாங்கியவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. விளம்பரத்தில் லிட்டருக்கு 32 என்றிருந்தது. ஆணையம் அமர்த்திய நிபுணர் ஓட்டிப் பார்த்தபோது 20கூட வரவில்லை. கம்பெனியும் விற்பனையாளரும் மூன்று லட்ச ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே கொடுக்கவேண்டும் என்று உத்தரவானது. அங்கே வழக்கைத் தூக்கி நிறுத்தியது நிபுணர் எடுத்த அளவு. வாசலில் சாவியை வீசிக்கொண்டு 12.4 என்று சொன்னால் எந்த ஆணையமும் அசையாது.

மைத்துனனுக்கு அவ்வளவு தூரம் தேவைப்படவில்லை. ஒன்பது மணிக்குப் பதில் ஏழே முக்காலுக்குக் கிளம்ப ஆரம்பித்தான். 22 நிமிடத்தில் பெருங்குடி. சாயங்காலம் முன்போலவே நெரிசல்தான், அதையும் சேர்த்துச் சராசரி வேகம் 17க்கு வந்தது, மைலேஜ் 13.9க்கு. மாதம் 350 கிலோமீட்டர் அலுவலக ஓட்டத்தில் ஐந்து லிட்டர் மிச்சம். லிட்டர் நூறு ரூபாய் என்றால் ஐந்நூறு ரூபாய். சீக்கிரம் போய்விடுவதால் பெருங்குடியில் காலை டிபனைக் கடையில் சாப்பிடுகிறான், அதற்கு மாதம் ஆயிரத்துச் சொச்சம் ஆகிறதாம். அந்தக் கணக்கை என் நோட்டில் எழுதிக்கொள்ளவில்லை.